அம்மாவின் பேட்டரி

அம்மா இரண்டு முறை விழுந்தாள். முதல் முறை விழுந்தபோது கூட இருந்தவர்கள் அப்பா, தங்கை கௌரி, நரேலா பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த முகம் தெரியாத சிலர். இரண்டாம் முறை வீட்டில் அப்பா மட்டும்தான். இரண்டு முறையும் நான் இல்லை. பல்கலைக்கழக ஆய்வகத்தில், உப்புத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஒரு மெல்லிய தகட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தகடு என்றாவது ஒருநாள் அம்மாவைப் போன்றவர்களின் இதயத்தைத் துடிக்க வைக்கும் என்பதுதான் என் ஆய்வு.

நெஞ்சுக்குள் கருவி வைத்த ஒருவர் இருக்கும் வீட்டில் யாராவது இதைப் படிக்கலாம் என்று நினைத்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது தில்லி ஜங்புராவில், தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைப்பகுதியில். அம்மாவும் அப்பாவும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பா பக்கத்தில் போகல் என்ற இடத்தில், விழாக்களுக்குச் சாமான் வாடகைக்கு விடும் ஒரு டென்ட் ஹவுஸில் ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிறார். கல்யாணம், விடிய விடிய நடக்கும் ஜக்ராதா பஜனை, கட்சிக் கூட்டம், எது நடந்தாலும் பெட்டிகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. அம்மா ஜங்புராவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

கேம்பை இடித்த பிறகு தில்லியின் வடக்கு ஓரத்தில், நரேலாவில் ஃபிளாட் கிடைத்தது. நான்கு வீட்டில் இரண்டை அம்மா விடவில்லை. இருட்டோடு கிளம்பி பஸ் மாறி மாறி ஜங்புரா போய்க்கொண்டிருந்தாள். நான் பல்கலைக்கழகம் பக்கம் முனிர்காவில் இன்னும் இரண்டு பேரோடு ஒரு அறையில் இருந்தேன்.

முதல் முறை விழுந்தபோது போன் செய்தவள் கௌரி. தில்லியிலேயே வளர்ந்த பெண். பயந்தால் அவளுக்குத் தமிழோடு இந்தி கலந்துவிடும்.

"பையா, மம்மி கிர் கயீ... விழுந்துட்டா, கண்ணு தொறந்துதான் இருக்குது, பேச மாட்டேங்கறா."

நான் போய்ச் சேர்வதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்து, யாரோ வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். "காலைல சாப்பிடல, அதான். மேடம் வூட்டுக்கு ஒரு போன் போடு, லேட்டாவும்னு சொல்லு" என்றாள்.

அரசு மருத்துவமனையில் வரிசை வெளிக்கேட்டிலேயே தொடங்கிவிடும். உள்ளே நீளமான நடைகூடம். பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் போர்வை விரித்து, அடுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வைத்துக் குடித்தனம் நடத்துகிறார்கள். நாற்காலி காலியாக இருந்தாலும் அப்பா தரையில்தான் உட்காருவார். "எழுந்திருன்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடியே கீழ உக்காந்துக்கறது நல்லது" என்பார்.

முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சின்னப் பெட்டியை அம்மாவின் இடுப்பில் கட்டி, அதன் ஒயர்களை நெஞ்சில் ஒட்டி அனுப்பினார்கள். ஒரு நாள் முழுக்க விழும் ஒவ்வொரு துடிப்பையும் அந்தப் பெட்டி பதிந்துகொள்ளும். அம்மா அதைக் கட்டிக்கொண்டே பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். மறுநாள் டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த இளம் பெண் டாக்டர் சிரித்துவிட்டார். தினம் செய்யும் வேலையோடு பார்ப்பதுதான் நல்லது என்றார். பிறகு திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

இதயத்துக்கென்று சொந்த மின்சாரம் இருக்கிறது. மேல் அறையில் ஒரு சமிக்ஞை பிறந்து, கம்பி போன்ற ஒரு பாதை வழியாகக் கீழ் அறைக்கு வரும். அது வந்ததும் கீழ் அறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். அம்மாவுக்கு அந்தப் பாதையில் கோளாறு. பெரும்பாலும் சமிக்ஞை வந்து சேர்ந்துவிடுகிறது. சில நேரம் வழியிலேயே நின்றுவிடுகிறது. அப்போது கீழ் அறை சும்மா இருக்கும், அம்மா விழுவாள்.

இதை நான் தமிழில் சொன்னபோது அப்பா கேட்டுவிட்டு, "நம்ம நரேலா பஸ் மாரி" என்றார். அம்மா அவர் தொடையில் ஒரு தட்டு தட்டினாள். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்து, அதிலிருந்து ஒரு ஒயரை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் விடுவார்கள். கருவி சும்மா கவனித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு தானாக வந்தால் பேசாமல் இருந்துவிடும். வராவிட்டால் மட்டும் ஒரு சின்ன மின்தட்டு கொடுக்கும்.

கருவி காப்பீட்டு அட்டையில் இலவசம். ஆனால் அட்டையில் இருந்தது பழைய விலாசம். கவுண்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த ஜுக்கிக் குடிசை எங்கே இருக்கிறது என்று கேட்டார். "டூட் கயா, சாப்" என்றார் அப்பா. இடிந்துபோனதைத் தன் தப்பு போலச் சொன்னார். புது விலாசத்துக்குத் தாள் வாங்க நான் அலைந்துகொண்டிருக்க, அம்மா வார்டில் படுத்து, கட்டிலுக்கு மேலே திரையில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடு கொஞ்சம் நீண்டாலும் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கௌரி மட்டும் திரையைப் பார்க்கவே மாட்டாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏக், தோ, தீன்" என்று எண்ணிக்கொண்டே இருப்பாள். "கத்திரிக்கா எடை போடறாப்பல என்னாடி எண்ற" என்பாள் அம்மா. ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டாள்.

கருவி வைத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் இந்தியில் விளக்கினார். மொபைலை இடது பக்கம் வைக்காதீர்கள், இடது கையைத் தூக்கி வேலை செய்யாதீர்கள், காந்தம் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கருவியைச் சோதிக்க வந்த டெக்னீஷியன், பேட்டரி பத்து வருஷம் போல வரும், அப்புறம் அதே இடத்தில் திறந்து மாற்றுவோம் என்றார்.

"தெறந்துன்னா?" அப்பா என்னிடம் கேட்டார்.

"மறுபடி சின்னதா அறுப்பாங்கப்பா."

"அதே எடத்துலயா?"

"ஆமா."

"பத்து வருசம் கழிச்சு நான் இருக்கறனோ என்னமோ. இவள யாரு இட்டுக்கினு வருவா?"

"நான் இல்லயா?"

"நீ எந்த ஊர்ல இருப்பியோ" என்றார். பஸ்ஸில் வரும்போது மறுபடி கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டார்.

அன்று சாயங்காலம்தான் என் ஆய்வைப் பற்றி அவர்களிடம் முதல் முறையாக ஒழுங்காகப் பேசினேன். அதுவரை "காந்தத்தைப் பத்திப் படிக்கறான்" என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். சமையல் மேடையில் இருந்த கேஸ் லைட்டரை எடுத்தேன். "இத அழுத்தினா பொறி வருதில்ல? இதுக்கு பேட்டரி கிடையாது. உள்ள ஒரு கல்லு இருக்குது. அத நசுக்கினா அது கரண்ட் குடுக்கும்." அம்மா லைட்டரை வாங்கி, வாழ்நாள் முழுக்கத் தட்டியதை அன்றுதான் பார்ப்பதுபோல இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு சாமான் இருக்குது. காந்தம் கிட்ட வந்தா அது லேசா சுருங்கும், விரியும். கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சாமானயும் இந்தக் கல்லயும் தோலு மாரி மெல்லிசா செஞ்சு ஒண்ணோட ஒண்ண ஒட்டிட்டா? வெளிய காந்தம். அது இத நெளிய வெக்கும். இது நெளிஞ்சு அத நசுக்கும். அது கரண்ட் குடுக்கும். ஒயரும் வேணாம், பேட்டரியும் வேணாம்."

இந்த வகைப் பொருட்களைக் காந்தமின் பொருட்கள் என்று சொல்லலாம். உலகம் முழுக்கப் பலர் இவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரத்தத்தில் கலக்கும் அளவுக்குத் தூளாக்கி, மூளை நரம்புகளை வெளியிலிருந்தே தட்டி எழுப்பப் பார்க்கிறார்கள். மருந்தை அந்தத் தூளில் ஏற்றி, நோய் இருக்கும் இடத்துக்குப் போனதும் காந்தத்தால் இறக்கிவைக்கப் பார்க்கிறார்கள். அறுந்த நரம்பை, ஆறாத புண்ணை இந்தச் சின்ன மின்சாரத்தால் வளர வைக்கப் பார்க்கிறார்கள். என் வேலை இதயம். அரிசி அளவு தகடு, பேட்டரி இல்லாத பேஸ்மேக்கர். ஆனால் என் தகடு உப்புத் தண்ணீரில் சில வாரங்கள்கூடத் தாங்குவதில்லை. ஒட்டிய இரண்டு தோல்களும் பிரிந்துவிடுகின்றன. உடம்புக்குள் இருப்பதும் உப்புத் தண்ணீர்தான். தகட்டில் இருக்கும் கோபால்ட் என்ற உலோகம் கசிந்தால் விஷம். எலிக்குள் வைப்பதற்கே எனக்கு இன்னும் அனுமதி வரவில்லை.

"அப்ப பேட்டரியே வேணாமா?" என்றார் அப்பா.

"வேணாம். ஆனா இதெல்லாம் வர்றதுக்கு இன்னும் ரொம்ப வருசம் ஆகும்பா."

அப்பா தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்பது பிறகுதான் புரிந்தது. ரொம்ப வருஷம் ஆகும் என்பது அப்பா வாழ்க்கையெல்லாம் கேட்ட வாக்கியம். கேம்புக்குக் கரண்ட் வர ரொம்ப வருஷம் ஆகும் என்றார்கள். ஆட்கள் கம்பத்திலிருந்து இழுத்துக்கொண்டார்கள். தண்ணீருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பைப்பை உடைத்துப் பிடித்தார்கள். முறைப்படி வருகிற வரைக்கும் நம் கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரிந்த தில்லி அது.

அப்பாவின் டென்ட் ஹவுஸ் கடையில் ஒரு ஸ்பீக்கர் எரிந்துபோயிருந்தது. பழைய இரும்புக்குப் போக வேண்டியது. அப்பா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடை முதலாளி சேட்டு சும்மா கொடுக்கவில்லை, கூலியில் இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். அப்பா உளியால் பிரித்து, பின்பக்கத்துக் காந்தத்தைக் கழற்றினார். உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த வளையம். கழுவித் துடைத்து, அம்மாவின் பழைய ஜாக்கெட் துணியில் பை தைத்து, நாடா கட்டினார். மத்தியானம் அம்மா படுக்கும்போது அதை இடது தோளுக்குக் கீழே, கருவிக்கு நேர் மேலே கட்டிவிட்டார். போன் சார்ஜ் போடுவது போல. கௌரி பள்ளியிலிருந்து வருவதற்குள் கழற்றிவிடுவார்.

நர்ஸ் காந்தம் கூடாது என்று சொன்னது அவருக்கு மறக்கவில்லை. பிறகு கேட்டபோது சொன்னார்: "அவங்க பொதுவா சொல்றாங்க. எல்லார் வூட்லயும் காந்தத்துக்கே படிச்ச புள்ள இருக்குதா?"

இரண்டாம் முறை விழுந்த அன்று போனில் அப்பாவின் குரல். "தம்பி, கொஞ்சம் ஓவரா ஏறிடுச்சு போல. வரியா?"

"என்னாப்பா ஏறிடுச்சு?"

"சார்ஜு."

எனக்கு விளங்கவில்லை. அம்மா பேசுகிறாளா என்று கேட்டேன். "மூச்சு இருக்குது" என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அவசரப் பிரிவில் அதே இளம் டாக்டர். அம்மாவின் இதயம் கண்டபடி ஓடிக்கொண்டிருந்தது. மருந்து ஏற்றினார்கள், மேல்துணியை விலக்கினார்கள், திரைச்சீலையை இழுத்து எங்களை வெளியே தள்ளினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நானும் அப்பாவும். உள்ளே ஓடும் மின்சாரத்தின் கணக்குகளை ஐந்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருப்பவன் நான். அன்று என்னால் செய்ய முடிந்தது அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். துடிப்பு நிலைக்கு வந்துவிட்டது என்றார். விழுவதற்கு முன்னால் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டார். அப்பா தன் மஞ்சள் பைக்குள் கைவிட்டு, நாடா தொங்கும் அந்தத் துணிப்பையை எடுத்து, பக்கத்திலிருந்த மருந்து டிராலியில் வைக்கப் போனார். கையிலிருந்து அது தானாகப் பாய்ந்து டிராலித் தட்டில் 'டக்'கென்று ஒட்டியது. தட்டிலிருந்த கத்திரிக்கோல் ஒன்று சறுக்கிக்கொண்டு போய் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. டாக்டர் ஓரடி பின்னால் போனார்.

"சார்ஜ் கர் ரஹா தா, டாக்டர் சாப்" என்றார் அப்பா. சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு என்னைக் காட்டி, அந்த இடத்திலும் கொஞ்சம் பெருமை விடாமல், என் மகன் இதில்தான் பி.எச்டி. செய்கிறான் என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கத்திரிக்கோலைப் பார்த்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். நிதானமாகச் சொன்னார். காந்தம் பக்கத்தில் வந்தால் இந்தக் கருவி கவனிப்பதை நிறுத்திவிடும். இதயம் தானாகத் துடிக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். டாக்டர்கள் சோதிக்கவும் ஆபரேஷன் நேரத்திலும் பயன்படுத்துவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உன் அம்மாவின் இதயம் பாதி நேரத்துக்கு மேல் தானே துடிக்கக்கூடியது. அது ஒரு பக்கம் துடிக்க, கருவி ஒரு பக்கம் தட்ட, இரண்டும் மோதிக்கொள்ளும். மோதக்கூடாத ஒரு நொடியில் மோதினால் இதயம் தறிகெட்டு ஓடும். அதுதான் நடந்தது. காந்தத்தை எடுத்தால் கருவி பழையபடி கவனிக்கும். ஆனால் இதயம் மறுபடி அப்படி ஓடாதா என்று இன்னும் சில நாள் பார்க்காமல் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அசையாமல் கிடக்கும் காந்தத்தால் என் தகட்டிலும் மின்சாரம் வராது, அதை விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் வரும் என்பதையும் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். டெக்னீஷியன் வந்து, கருவியைச் சோதிக்கும், ஒயரோடு கூடிய வட்டமான ஒரு சாதனத்தை அம்மாவின் தோளுக்குக் கீழே, அதே இடத்தில், வைத்தார்.

"இவரும் அங்கதான வெக்கறாரு?" என்றார் அப்பா மெதுவாக.



டெக்னீஷியன் திரையைப் பார்த்து, கருவி நன்றாக இருக்கிறது, பேட்டரி துளி குறைந்திருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். மற்றது எதுவும் அப்பா காதில் விழவில்லை.

"கொறஞ்சிருக்குதா? ஏறலயா?"

"கொஞ்சம்தான்பா."

"ஏறவே இல்லயா?"

அதன்பிறகு வந்த நாட்கள் காத்திருப்பு மட்டும்தான். ஒவ்வொரு நாளும் காலையில் டாக்டர் துடிப்புகள் பதிந்த நீளமான காகிதச்சுருளைப் பிரித்துப் பார்ப்பார், இன்னொரு நாள் இருக்கட்டும் என்பார். அம்மாவின் சிறுநீர்ப் பையைக் கௌரி காலி செய்தாள். வெளி ஸ்டோரில் மட்டும் கிடைக்கும் மாத்திரைக்கு நான் ஓடினேன். சாப்பிட மறுத்தவளுக்காக ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கி, பக்கத்து டீக்கடைக்காரனிடம் கெஞ்சிச் சுட்டு வாங்கி வந்தேன். அம்மா அதை நொறுக்கித் தயிர்ச்சோற்றில் போட்டு இரண்டு வாய் சாப்பிட்டாள். எதிர்க்கட்டில் ஹரியானாக்காரம்மா கைநீட்டி ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு லட்டு கொடுத்தார்.

"உங்கப்பன ஏசாத" என்றாள் அம்மா ஒருநாள்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"சொல்லாம இருக்கியே, அதத்தான் சொல்றேன். மொத நாள் கட்டனப்பவே நெஞ்சு தடதடன்னு அடிச்சுது. நான்தான் சொல்லல."

"ஏம்மா சொல்லல?"

"உன்னுது வேல செய்யுதுன்னு நெனச்சேன்."

"என்னுதா?"

"நீ செய்யறது. கொஞ்சம் கஷ்டமா இருக்குதுன்னு வெளிய சொன்னா, உன் படிப்புக்குக் கெட்ட பேரு வந்துடுமோன்னு இருந்துட்டேன்."

கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா வார்டுக்குள் வருவதே இல்லை. சாப்பாட்டைக் கதவருகே கௌரியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கோபமா, வெட்கமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெளியே குழாயடியில் பார்த்தேன். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாப்பா. அம்மா கேக்கறா."

"வேணாம்."

"ஏன்?"

"நாள் முழுக்க ஸ்பீக்கர் தூக்கறவன் நானு. கையில, சட்டையில எல்லாம் காந்தம் ஏறியிருக்கும்."

"அப்படியெல்லாம் ஒட்டாதுப்பா. பெட்டிய எறக்கி வெச்சா அதோட முடிஞ்சுது."

"செரி" என்றார். மறுபடி சோப்பை எடுத்தார்.

பள்ளிக்கூடம் தேவையா என்று ஊரில் கேட்டவர்களிடம், காந்தம் படித்து என்ன கிடைக்கும் என்று கேம்பில் கேட்டவர்களிடம், என் வார்த்தையை வேதம்போலச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அன்றுதான் முதல் முறையாக நான் சொன்னதை நம்பவில்லை. அன்று நான் சொன்னது முழுக்க உண்மை.

ஒரு காலையில் டாக்டர் காகிதச்சுருளை மடித்து வைத்துவிட்டு, போகலாம் என்றார். இனி ஜங்புராவுக்குப் போய் வரும் வேலை வேண்டாம் என்றார். அம்மா கொண்டையை முடிந்துகொண்டாள்.

நரேலா வீட்டில் இப்போது அப்பா சுவரோரமாகப் படுக்கிறார். இந்தச் சுவரில் அம்மா, எதிர்ச் சுவரில் அவர். "இங்க வந்து படு, ஃபேன் காத்து அங்க வராது" என்று அம்மா கூப்பிடுகிறாள். வேர்க்கல என்கிறார். அவர் வேர்த்துக் கிடப்பது எங்கள் எல்லோருக்கும் தெரிகிறது. தண்ணீர் கொடுப்பதென்றாலும் சொம்பை நடுவில் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். ஒருமுறை காந்த ஊசி வாங்கி வந்து, அவர் உள்ளங்கை மேல் பிடித்துக் காட்டினேன். ஊசி அசையவில்லை. "பாத்தியா?" என்றேன். "பாத்தேன்" என்றார். அன்றும் சுவரோரமாகத்தான் படுத்தார்.

என் தகடு போன வாரம் மறுபடி பிரிந்துவிட்டது. புதிதாக ஒன்று உப்புத் தண்ணீரில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அப்பா கேட்டார்: "ரெண்டு தடவைக்கும் சேத்து மொத்தம் எவ்ளோ ஆச்சு?"

வெளியில் வாங்கிய மருந்து, வெளியில் எடுத்த டெஸ்ட், ஆம்புலன்ஸ், ஆட்டோ, சாப்பாடு, அம்மா இழந்த கூலி, அவர் இழந்த கூலி எல்லாவற்றையும் கூட்டி வைத்திருந்தேன். நாற்பத்தாறாயிரத்து முன்னூறு என்றேன்.

"ஸ்பீக்கருக்கு சேட்டு புடிச்சது?"

"அது எதுக்குப்பா?"

"அதயும் போடு."

போட்டேன். நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.